நெகட்டிவ் என்று ஒரு பெட்டி

2021 பிப்ரவரியில் அமெரிக்க மானிடவியலாளர் கேட் கிளான்சி ட்விட்டரில் எழுதினார்: கொரோனா தடுப்பூசி போட்டபின் தனக்கு உதிரப்போக்கு வழக்கத்தைவிட அதிகம், வேறு யாருக்காவது இப்படி உண்டா? "எனக்கும்" என்று பலர் வந்தார்கள். தடுப்பூசிச் சோதனைகளில் மாதவிடாயைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கவில்லை. கிளான்சியும் கேத்தரின் லீயும் கேட்டார்கள். 39,000க்கும் மேற்பட்டோரின் பதில்கள் 2022 ஜூலையில் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வெளிவந்தன. சீராக மாதவிடாய் வருகிறவர்களில் 42 சதவீதம் பேர் உதிரப்போக்கு கூடியது என்றார்கள். 44 சதவீதம் பேர் மாற்றமில்லை என்றார்கள். தாமாக முன்வந்து சொன்னவர்களின் கணக்கு இது. எல்லோருக்கும் இதே விகிதம் என்று கொள்ளக் கூடாது. அதே ஆண்டு அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமையின் பாதுகாப்புக் குழு, ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளின் பக்கவிளைவுப் பட்டியலில் அதிக உதிரப்போக்கைச் சேர்க்கச் சொன்னது. பெரும்பாலும் தற்காலிகமானது, கருத்தரிப்பைப் பாதிப்பதற்குச் சான்றில்லை என்றும் சொன்னது. பெண்கள் தெரிந்துகொள்ள விரும்பியதும் இவ்வளவுதான்.

இங்கே 2021 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் சுற்றியது வேறு. மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் பெண்கள் ஊசி போடக் கூடாதாம். அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் மறுத்தது. மறுக்கத்தான் வேண்டும். ஆனால் அதன்பின் ஊசியையும் மாதவிடாயையும் சேர்த்துப் பேசினாலே வதந்தி பரப்புகிறவள் என்ற பார்வை வந்துவிட்டது. இரண்டாம் டோசுக்குப் பின் எனக்குப் பன்னிரண்டு நாள் நிற்கவில்லை. "டென்ஷனைக் குறைங்க மேடம்" என்றார் மருத்துவர். நான் எங்கும் எழுதவில்லை. அடுத்த டோசையும் போட்டுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு கணினித் துறை ஆய்வு மாணவி ஒருத்தி எக்செல் கோப்போடு வந்தாள். தடுப்பூசி பற்றிய தமிழ்ப் பதிவுகள். ஒவ்வொன்றையும் பாசிட்டிவ், நெகட்டிவ், நியூட்ரல் என்று குறிக்க வேண்டும். மனிதர்கள் குறித்துக் கொடுப்பதைப் பார்த்துத்தான் இயந்திரம் பழகுமாம். ஏற்கெனவே இருவர் குறித்திருந்தார்கள். ஊசி போட்ட மறுவாரமே தூரமாகிவிட்டது என்று ஒருத்தி எழுதியிருந்தாள்: நியூட்ரல். இந்த மாதம் இரண்டு தடவை தலைக்குக் குளித்தாகிவிட்டது என்று இன்னொருத்தி: அதுவும் நியூட்ரல். "பீரியட்ஸ் நிக்கல, பயமா இருக்கு" என்றவள் மட்டும் நெகட்டிவில் இருந்தாள். அதே பெட்டியில், ஊசி போட்டால் மலடாகிவிடுவாய் என்று மிரட்டியவனும் இருந்தான்.

வீட்டுக்குத் தூரம், வீட்டுவிலக்கு, ஒதுங்கி இருக்கேன், நாள் தள்ளிப்போச்சு, அந்த மூணு நாள். ஆண்கள் காதில் விழுந்தாலும் புரியாதபடி நாம் பேசிப் பழகிய மொழி இது. குறித்த இருவரும் ஆண்களா என்று கேட்டேன். சிரித்தாள். புரிந்தவர்கள் குறித்தாலும் சிக்கல் தீராது. ஊசி போட்டுக்கொண்டு, தன் உடம்பில் நடந்ததைச் சொல்கிறவள் ஊசிக்கு எதிரியா? அவள் சொல்வது கருத்தே அல்ல, தகவல். மருந்தைக் கண்காணிப்பவர்களுக்கு முதலில் போய்ச் சேரவேண்டிய தகவல்.

'அனுபவம்' என்று நான்காவது பெட்டி வைக்கச் சொன்னேன். வழிகாட்டி சம்மதிக்கவில்லையாம். மூன்று பெட்டி இருந்தால்தான் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியும் என்கிறாராம். சொற்பட்டியலை மட்டும் பின்னிணைப்பாகச் சேர்க்க அனுமதித்திருக்கிறார். இதுவரை முப்பத்தொரு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அவள் பாட்டி சொன்ன இரண்டு, தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்கே புதியவை.