சிங்க் வாங்கப் போறீங்களா? கழுவின பாத்திரம் எங்கே காயும்னு முதல்ல யோசிங்க

1/
புது வீடு கட்டுறவங்க, கிச்சனை மாத்திக் கட்டுறவங்க, பழைய சிங்க் ஒழுகுதுன்னு மாத்தப் போறவங்க எல்லாருக்குமான இழை இது. பக்கத்துலயே பாத்திரம் கவிழ்க்கிற தட்டு சேர்ந்த சிங்க் வாங்கலாமா, இல்ல வெறும் தொட்டி மட்டும் போதுமா? அந்தத் தட்டைக் கடையில டிரெயின்போர்டுன்னு சொல்வாங்க. "டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேப்பீங்க. இருக்கு. பொறுமையா வாங்க.

2/
எங்க வீட்டுல சமையலறையை மாத்திக் கட்டினோம். இன்டீரியர் வேலைக்கு வந்த தம்பி லேப்டாப்புல படம் காட்டினார். நீளமான கறுப்பு கிரானைட் மேடை, அதுல 24க்கு 18 இஞ்ச் சிங்க், சுத்தி ஒரு பொருள் கிடையாது. "டிரெயின்போர்டு எல்லாம் பழைய ஸ்டைல் மேடம், இப்ப யாரும் கேக்குறதில்ல"ன்னார். என் கணவருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அத்தை மட்டும் மகனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாங்க: "கழுவின பாத்திரத்தை எங்கடா கவிழ்க்கிறது, உன் தலையிலயா?"

3/
இந்த இழை முழுக்க அத்தை கேட்ட அந்தக் கேள்விக்கான பதில்தான். சிங்க் வாங்கும்போது நாம கழுவுறதை மட்டும்தான் யோசிக்கிறோம். ஆனா கழுவுறது பாதி வேலை, காய வைக்கிறது மீதிப் பாதி. சோப்பும் ஓடுற தண்ணியும் பெரும்பாலான அழுக்கையும் கிருமியையும் அடிச்சுட்டுப் போயிடும். மிச்சம் ஒட்டியிருக்கிற கொஞ்சம் கிருமி பெருகணும்னா அதுக்கு ஈரம் வேணும். நல்லாக் காஞ்ச எவர்சில்வர் தட்டுல அது பெருக முடியாது. ஈரத்தோட ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கின டம்ளர்ல மறுநாள் காலையில ஒரு வாடை வரும் பாருங்க, ஈரம் நின்னதுக்கு அதுதான் அடையாளம்.

4/
"துடைச்சு வச்சுட்டா ஆச்சு"ன்னு தோணும். எந்தத் துணியால துடைக்கிறோம்? மேடை துடைச்சது, கை துடைச்சது, சூடான பாத்திரத்தை இறக்கப் பிடிச்சது, எல்லாம் அதே துணிதான். அது நாள் முழுக்கக் காயறதே இல்ல. அமெரிக்காவுல எஃப்.டி.ஏ. உணவகங்களுக்காக ஒரு மாதிரி விதித்தொகுப்பு வச்சிருக்கு. கழுவிக் கிருமிநீக்கம் செஞ்ச பாத்திரத்தைக் காத்துல காய விடணும், துணியால துடைச்சுக் காய வைக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. ஹோட்டலுக்குப் பொருந்துற நியாயம் வீட்டுக்கும் பொருந்தும்.

5/
ஈரமாவே கிடக்கிற பொருள்ல என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்க ஒரு ஆய்வு. ஜெர்மனியில வீடுகள்ல பயன்படுத்தின ஸ்பாஞ்சுகளை வாங்கிப் பரிசோதிச்சு 2017-ல முடிவை வெளியிட்டாங்க. சில இடங்கள்ல ஒரு கன சென்டிமீட்டர்ல 5,000 கோடி பாக்டீரியா வரைக்கும் இருந்துச்சு. பயப்படாதீங்க, அத்தனையும் நோய் உண்டாக்குற ரகம் இல்ல. ஆனா ஈரமும் சாப்பாட்டுத் துணுக்கும் சேர்ந்தா என்ன ஆகும்னு அந்த எண் சொல்லுது. ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை மாத்துங்கன்னு அவங்களே பரிந்துரை பண்ணினாங்க.

6/
நம்ம பழைய வீடுகள்ல இந்தப் பிரச்சினை கம்மி. பாத்திரம் தேய்க்க அங்கணம் இருந்துச்சு. திருக்குறள்லயே இருக்கிற அளவுக்குப் பழைய சொல் அது. தேய்ச்ச பாத்திரத்தைக் கொல்லைப்புறத்துல, கிணத்தடியில வெயில் படுற மாதிரி கவிழ்ப்பாங்க. ஒரு மணி நேரத்துல தொட்டா சுடும். வெயிலும் காத்தும் பாதி வேலையைச் செஞ்சுடும். அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்தப்ப அந்த இடத்தை விட்டுட்டு வந்துட்டோம், பாத்திரத்தை மட்டும் கூடவே எடுத்துட்டு வந்துட்டோம்.

7/
அதனால வெறும் தொட்டி சிங்க் உள்ள வீட்டுல என்ன நடக்குது? மேடை மேல ஒரு பாத்திரக் கூடை வரும். தண்ணி வழியுதுன்னு அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு வரும். அந்தத் தட்டுல தண்ணி நிக்கும். ஏடிஸ் கொசுவுக்கு இது போதும். டெங்குவைப் பரப்புற அந்தக் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது, வீட்டுக்குள்ளயும் வீட்டைச் சுத்தியும் தேங்குற தெளிஞ்ச தண்ணியிலதான் பெரும்பாலும் முட்டை போடும். சூட்டைப் பொறுத்து ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள்ல முட்டை கொசுவாயிடும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டைப் பார்க்கச் சொல்றாங்களே, அதே காரணம்தான் கூடைக்கு அடியில இருக்கிற தட்டுக்கும்.

8/
இன்னொரு விஷயம். அந்தத் தட்டுல உள்ள தண்ணியைச் சும்மா கொட்டினா மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தண்ணி மட்டத்துக்குச் சத்து மேல ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். காஞ்சு போனாலும் மாசக்கணக்குல உயிரோட இருந்து, திரும்பத் தண்ணி பட்டதும் பொரியும். வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்ச்சுக் கழுவணும். டிரெயின்போர்டுல சரிவு சரியா இருந்தா தண்ணி தானாத் தொட்டிக்குள்ள போயிடும், தேங்குற பேச்சே இல்ல.

9/
சரி, இடம் போயிடுமே? கணக்கு போட்டுப் பார்ப்போம். நம்ம கடைகள்ல டிரெயின்போர்டோட சேர்ந்த சின்ன சிங்க் பெரும்பாலும் 37க்கு 18 இஞ்ச். வெறும் தொட்டி 24க்கு 18. வித்தியாசம் 13 இஞ்ச், அதாவது ஒரு அடிக்குச் சத்து மேல. பாத்திரக் கூடை வச்சா அதுவும் அந்த இடத்தை எடுத்துக்கும். அப்ப நாம மிச்சம் பிடிச்சது என்ன? படத்துல மட்டும்தான் அந்த ஒரு அடி காலியா இருக்கும்.

10/
இடமே இல்லாத சின்ன கிச்சனுக்கும் வழி இருக்கு. 1940-கள்ல ஃபின்லாந்துல மைய்யு கெப்ஹார்டுன்னு ஒரு அம்மா, இல்லத்தரசிகள் பாத்திரம் துடைக்கிறதுல எவ்வளவு நேரம் போகுதுன்னு ஆராய்ஞ்சாங்க. சிங்குக்கு நேர் மேல, அடிப்பலகை இல்லாத கம்பித் தட்டு வச்ச அலமாரியை உருவாக்கினாங்க. பாத்திரத்தை ஈரத்தோட அதுல சொருகினா தண்ணி சிங்க்லயே சொட்டும், தானாக் காயும், எடுத்து வேற இடத்துல அடுக்க வேண்டியதும் இல்ல. இன்னிக்கும் ஃபின்லாந்து வீடுகள்ல அது சர்வ சாதாரணம்.

11/
நம்ம வீடுகள்ல சுவத்துல ஆணி அடிச்சு மாட்டுவோமே எவர்சில்வர் தட்டு ஸ்டாண்டு, அதுவும் கிட்டத்தட்ட இதே யோசனைதான். சிங்குக்கு நேர் மேல மாட்டினா டிரெயின்போர்டு இல்லாமலே சமாளிக்கலாம். ஆனா உயரத்தைப் பாருங்க. சர்க்கரை நோய் இருக்கிறவங்களுக்குத் தோள்பட்டை இறுகிப் போறது அதிகம். கையைத் தோளுக்கு மேல தூக்க முடியாது. எங்க அத்தைக்கு அந்தப் பிரச்சினை இருக்கு. ஸ்டாண்டு வேணாம்னு நாங்க முடிவு பண்ணினது அதனாலதான்.

12/
இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறது நானோ, அத்தையோ, என் கணவரோ இல்ல. ஒரு அக்கா வர்றாங்க. எங்களோட சேர்த்து நாலு வீடு. அவங்க விரல்ல நகத்தைச் சுத்தி வீங்கி, சிவந்து, நகம் வரி வரியா ஆகியிருக்கும். நாள்பட்ட நகச்சுத்தி இது. நகத்தோட அடியில தோல் ஒட்டி ஒரு மெல்லிய படலம் இருக்கு, அதுதான் நகத்துக்குக் கதவு. எப்பவும் ஈரத்துலயும் சோப்புலயும் இருந்தா அது பிரிஞ்சு போயிடும். உள்ளே சோப்பும் கிருமியும் பூஞ்சையும் நுழையும்.

13/
ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கை ஈரத்துல இருந்தா தோல் மருத்துவத்துல அதை ஈர வேலைன்னே தனியா வகைப்படுத்துறோம். நாலு வீட்டுப் பாத்திரம்னா அந்த எல்லை மதியத்துக்குள்ளயே தாண்டிடும். களிம்பு எழுதித் தரலாம், வீக்கம் குறையும். கை காயாம முழுசா ஆறாது. "கையை ஈரமாக்காதீங்க"ன்னு சீட்டுல எழுதுறது எனக்குச் சுலபம். ஈரத்துலதான் அவங்க சம்பளமே இருக்கு.

14/
அதனால சிங்க் வாங்குறதுக்கு முன்னாடி அவங்ககிட்டயே கேட்டேன்: "அக்கா, எந்த மாதிரி போட்டா உங்களுக்குச் சௌகரியம்?" முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "கவிழ்த்து வச்சுட்டுப் போக இடம் இருந்தாப் போதும் டாக்டரம்மா. ரெண்டு வீட்டுல இடமே இல்ல. ஒவ்வொண்ணாத் துடைச்சு அடுக்கிட்டுத்தான் கிளம்பணும். துணியே சொதசொதன்னு இருக்கும். அப்புறம் குழி ரொம்ப ஆழமா வேணாம், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போகுது." கவிழ்த்துட்டுப் போனா கை ஈரத்துல இருக்கிற நேரம் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிஷமாவது குறையும்னு சொன்னாங்க. களிம்பை விட அந்தப் பத்து நிமிஷத்துக்கு மதிப்பு அதிகம்.

15/
ஆழம் பத்தி அவங்க சொன்னது சரி. மேடை உயரம் 33 இஞ்ச்னு வைங்க. 10 இஞ்ச் ஆழ சிங்க்னா அடி 23 இஞ்ச்ல இருக்கும். அஞ்சடி உயரப் பெண்ணுக்கு முழங்கை ஏறக்குறைய 37, 38 இஞ்ச்ல வரும். முழங்கைக்கு ஒரு அடிக்கும் கீழே கையை விட்டுத் தேய்க்கணும்னா முதுகு வளைஞ்சுதான் ஆகணும். குக்கர், இட்லிப் பானை கழுவ 8 இஞ்ச் ஆழம் தாராளம். தண்ணி கொஞ்சம் தெறிக்கும், குழாயை மெதுவாத் திறந்தா சரியாயிடும்.

16/
டிரெயின்போர்டுல குறையே இல்லையா? இருக்கு. பச்சைக் கோழியை சிங்க்ல கழுவினா தெறிக்கிற துளி நேரா பக்கத்துல காயுற தட்டு, டம்ளர் மேல விழும். சால்மோனெல்லா, கேம்பைலோபேக்டர் மாதிரி வயித்துப்போக்கு உண்டாக்குற கிருமிகள் அதுல இருக்கலாம். கோழியைக் கழுவ வேண்டியதே இல்ல, நல்லா வேகவச்சா போதும்கிறதுதான் பல நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்புகளோட அறிவுரை. நம்ம வீடுகள்ல அதை யாரும் கேக்கப் போறதில்லன்னு தெரியும். குறைஞ்சபட்சம் கறி, மீன் கழுவுறதுக்கு முன்னாடி டிரெயின்போர்டைக் காலி பண்ணுங்க. அகலமான பாத்திரத்துல தண்ணி பிடிச்சு அதுக்குள்ளயே அலசுங்க. முடிஞ்சதும் சோப்புப் போட்டுத் தேய்ச்சு விடுங்க.

17/
ரெண்டாவது குறை, வரிகள்ல உப்பும் பாசியும் படியும். உப்புத் தண்ணி ஊர்ல வெள்ளை வெள்ளையா நிக்கும். வாரம் ரெண்டு தடவை எலுமிச்சைத் தோலாலயோ வினிகராலயோ தேய்ச்சா போயிடும். வினிகரை பிளீச்சோட மட்டும் எந்தக் காரணத்துக்கும் கலக்காதீங்க, குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பாதிக்கும்.

18/
வாங்கும்போது பார்க்க வேண்டியது:
• 304 கிரேடு ஸ்டீல் கேளுங்க. ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும், துரு சுலபத்துல பிடிக்காது.
• சிலிக்கான் அடிக்கிறதுக்கு முன்னாடி டிரெயின்போர்டுல ஒரு டம்ளர் தண்ணியை ஊத்திப் பாருங்க. முழுசும் தொட்டிக்குள்ள ஓடணும். ஓரத்துல நின்னா ஃபிட்டிங் சரியில்ல, அப்பவே மாத்தச் சொல்லுங்க.
• வலது கைப் பழக்கம் உள்ளவங்க நார் வலது கையிலயும் பாத்திரம் இடது கையிலயும் பிடிப்பாங்க. அலசினதை இடது பக்கம் கவிழ்க்கிறது சுலபம்.
• ஜன்னல் பக்கமா டிரெயின்போர்டு வந்தா இன்னும் நல்லது. சீக்கிரம் காயும்.
• கிரானைட் மேடையிலயே சரிவு கொடுத்துக் காடி வெட்டித் தரவும் ஆள் இருக்காங்க. சரிவு இல்லாம காடி மட்டும் வெட்டினா பிரயோஜனம் இல்ல.

19/
யாருக்கு டிரெயின்போர்டு வேணாம்? பாத்திரம் கழுவுற மெஷின் தினமும் ஓடுற வீடு, வெயில் வர்ற பால்கனியோ கொல்லையோ பக்கத்துலயே இருக்கிற வீடு, சிங்குக்கு மேல எட்டுற உயரத்துல ஸ்டாண்டு மாட்ட முடிஞ்ச வீடு. இவங்க தாராளமா வெறும் தொட்டி வாங்கலாம். மத்தவங்களுக்கு டிரெயின்போர்டுதான் என் சிபாரிசு.

20/
எங்க வீட்டுல கடைசியா 37க்கு 18, ஆழம் 8 இஞ்ச், இடது பக்கம் டிரெயின்போர்டு. "ஹால்ல உக்காந்தா கவிழ்த்த பாத்திரம் தெரியுது"ன்னு என் கணவர் இன்னும் சொல்லிட்டுத்தான் இருக்கார். தெரியட்டும். சமையலறை ஒருத்தர் வேலை செய்யுற இடம், வேலை நடந்தா அது கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். அக்காவோட விரலுக்கு உள்ளே பருத்திக் கையுறை, மேல ரப்பர் கையுறை, வேலை முடிஞ்சதும் வாஸ்லின்னு சொல்லியிருக்கேன். ரெண்டு விரல்ல வீக்கம் குறைஞ்சிருக்கு. மத்த மூணு வீடும் மாறாம முழுசா ஆறாதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.

21/
அதனால ஒரு வேண்டுகோள். சிங்க் கடைக்குப் போறதுக்கு முன்னாடி, அந்த சிங்க் முன்னாடி தினமும் யார் நிக்கப் போறாங்களோ அவங்களைக் கேளுங்க. அம்மாவா, மனைவியா, நீங்களா, வேலைக்கு வர்ற அக்காவா, யாரா இருந்தாலும் சரி. அவங்க உயரம் என்ன, எந்தக் கைப் பழக்கம், கழுவினதை எங்கே வைப்பாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் அளவெடுங்க.

வீடு கட்டிக்கிட்டு இருக்கிற யாராவது தெரிஞ்சா அவங்களுக்கு இதை அனுப்புங்க.