பாவு வடக்கு, ஊடை கிழக்கு!

ஆற்காட்டில் பஸ் ஏறும்போது கண்டக்டரிடம், "ஆரணி எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டுத் தொலைத்தேன். "பஸ் போற பக்கம்தான்!" என்றார். மொத்த பஸ்ஸும் சிரித்தது.

திசை என்றாலே எனக்கு இப்படித்தான். பேங்க் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டதும் இதில்தான். 'ராமு வடக்கே போனான், வலது பக்கம் திரும்பினான்...' என்று கேள்வி ஆரம்பித்தால், நானும் நாற்காலியிலேயே உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். பக்கத்து கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்கிறேன் என்று சூப்பர்வைசர் முறைப்பார்!

ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, 1751-ல் ராபர்ட் கிளைவ் ஆரணியில் சண்டை போட்டு ஜெயித்தார். நான் போனது அவ்வளவு வீரமான காரியத்துக்கு அல்ல. தங்கை கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை வாங்க.

காலை ஏழு மணி. நெசவாளர் தெருவில் வடக்கு தெற்காக நீளமாய்ப் பாவு விரித்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலை முடியணுமாம். தெரிந்த நெசவாளர் வீட்டுத் திண்ணையில் அவர் மகன் உட்கார்ந்திருந்தான். கையில் பார்த்தால்... அதே பேங்க் பரீட்சை புஸ்தகம். அதே ராமு!

"வடக்கே 5 கி.மீ., வலது பக்கம் திரும்பி 3, மறுபடி வலது பக்கம் திரும்பி 9. இப்ப எங்க நிக்கிறான்?" என்றான் பையன். நான் வழக்கம்போல் சுழல ஆரம்பித்தேன்.

"இன்னா தம்பி, இடுப்பு பிடிச்சிக்கிச்சா?" என்றார் பெரியவர். விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க ஏன் சுத்துறீங்க? திசை சுத்தாதே! வடக்கு-தெற்கு, இதோ கிடக்குதே, இந்தப் பாவு. கிழக்கு-மேற்கு ஊடை. பாவைத் தனியா எண்ணுங்க, ஊடையைத் தனியா எண்ணுங்க."

எண்ணினேன். பாவு: வடக்கே 5, தெற்கே 9. கழித்தால் தெற்கே 4. ஊடை: கிழக்கே 3. நாலின் வர்க்கம் 16, மூன்றின் வர்க்கம் 9, மொத்தம் 25. ஆக, ராமு நிற்பது தென்கிழக்கே 5 கி.மீ. தூரத்தில். அட!

"நிழல் கணக்கு?" என்றான் பையன். "காலையில ஒருத்தர் நிழல் அவருக்கு இடது பக்கம் விழுது. எந்தப் பக்கம் பார்த்து நிக்கிறாரு?"

பெரியவர் என்னையே தெருவில் நிறுத்தினார். சூரியன் கிழக்கே, நிழல் மேற்கே. நிழல் இடது கைப் பக்கம் வருகிற மாதிரி நின்றால், முகம் வடக்கே, வந்த வழி ஆற்காட்டைப் பார்த்து! "இதுவே சாயங்காலம்னா தெற்கு" என்றான் பையன்.

புடவை எடுத்தாயிற்று. பையன் உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டேன். "இவன் பாஸ் பண்ணிட்டா தறியில யாருங்க உட்காருவாங்க?"

"யாருமில்ல." அறுந்த இழை ஒன்றை முடிச்சுப் போட்டபடியே சொன்னார். "அதுக்காகத் தப்பாவா சொல்லித் தர முடியும்?"

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் நானே ஒரு கணக்குப் போட்டேன். ஆற்காட்டுக்குத் தெற்கே ஆரணி, ஆரணிக்குக் கிழக்கே செய்யாறு. அப்படியென்றால் ஆற்காட்டுக்குச் செய்யாறு தென்கிழக்கு. கண்டக்டரைக் கேட்கவே இல்லை!

அடுத்த மாதம் பரீட்சை. நானும் எழுதுகிறேன், அந்தப் பையனும் எழுதுகிறான். அவன் பாஸ் பண்ணணும் என்று வேண்டிக்கொள்வதா, வேண்டாமா... அதில் மட்டும் எனக்கு இன்னும் திசை தெரியவில்லை.