கைலியை யார் கட்டி விடுகிறார்கள்?

நான் ஓய்வு பெற்ற பிறகும் ஆராய்ச்சிப் பிரிவுப் பிள்ளைகள் சந்தேகம் கேட்டுப் பேசுவார்கள். போன மாதம் ஒரு தம்பி பெருமையாகச் சொன்னார்: "ஆறு மாச ஃபாலோ-அப்புக்கு இனிமே போனே வேண்டாம் மேடம். வாட்ஸ்அப்ல ஃபாரம் அனுப்பிடுறோம், வீட்டுல உள்ளவங்களே டிக் பண்ணிடுறாங்க." எனக்கு மனசு ஆறவில்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு முடங்கியிருக்கிறார் என்று அளக்கும் ரேங்கின் மதிப்பெண்ணில் பூஜ்யத்தையும் ஐந்தையும் யாரும் போட்டுவிடலாம். ஆறு என்றால் இறப்பு, கேட்க ஒன்றுமில்லை. போனில் கேட்டு மதிப்பெண் போட்ட என் காலமெல்லாம் இரண்டா மூன்றா என்பதிலேயே போனது. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டால் இரண்டு. தானே நடப்பார், ஆனால் மற்ற காரியங்களில் சிலவற்றுக்கு ஆள் துணை வேண்டும் என்றால் மூன்று. பல ஆய்வுகளின் முடிவு அந்தக் கோட்டில்தான் நிற்கிறது.

எங்கள் கூத்தாநல்லூரில் அந்தக் கோடு லேசில் பிடிபடாது. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள். போனை எடுப்பது நோயாளியின் மனைவி, மாமி. "எல்லாம் அவங்களே செஞ்சுக்கிறாங்கம்மா, அல்ஹம்துலில்லாஹ்." ஃபாரமாக இருந்தால் இதோடு இரண்டு விழுந்திருக்கும். நான் விடமாட்டேன்.

"பள்ளிக்குப் போறாங்களா மாமி?"

"அஞ்சு வேளையும்."

"கைலி யாரு கட்டி விடுறது?"

"நான்தான். இடது கை புடிக்க மாட்டேங்குதே."

மூன்று. மாமி பொய் சொல்லவில்லை. புருஷனுக்குக் கைலி கட்டி விடுவதை உதவி என்றே அவர் நினைப்பதில்லை.

பெண் நோயாளியென்றால் வேறு சிக்கல். "பேங்குக்கெல்லாம் போறதில்ல" என்பார்கள். வாதம் வருவதற்கு முன் போனாரா என்று கேட்காமல் எந்த எண்ணும் போடக் கூடாது.

லூதியானாவின் ஜெயராஜ் பாண்டியனும் சிட்னியின் ரிச்சர்ட் லிண்ட்லியும் முன்நின்று நடத்திய அட்டெண்ட் ஆய்வு 2017-இல் லான்செட்டில் வந்தது. 14 மருத்துவமனைகள், 1250 நோயாளிகள். வீட்டாருக்கே பயிற்சி கொடுத்து மறுவாழ்வு சிகிச்சை செய்ய வைத்தார்கள். ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் பயிற்சி பெற்ற குழு, பெறாத குழு இரண்டிலும் 47 சதவீதம். பலருக்கு ஏமாற்றம். எனக்கோ அந்த எண்ணைப் பார்த்து மரியாதை வந்தது. பயிற்சி பெற்ற குடும்பம் சொல்லிக் கொடுத்தவர் மேலுள்ள நன்றியில் நல்லதாகத்தான் சொல்லும். யார் எந்தக் குழு என்று அறியாதவர்கள் மதிப்பிட்டதால்தான் அந்த நன்றி கணக்கில் ஏறவில்லை. ஏறியிருந்தால், பிசியோதெரபிஸ்ட் எதற்கு, மனைவி போதும் என்று ஒரு திட்டமே வந்திருக்கும். இந்த மாமிகளின் தலையில்தான் அது விழுந்திருக்கும்.

இதைச் சொன்னால், "ஒரு போனுக்கு அரை மணி நேரம் ஆகுதே மேடம்" என்கிறார் தம்பி. ஆகும். பட்ஜெட் போடும்போதே அந்த அரை மணிக்கும் சம்பளம் எழுதி வாங்க வேண்டும்.