கேட்காமலே தட்டில் வைக்கப்படும் உணவு

கடந்த பாடசாலை விடுமுறையில் எமது சேமிப்புக் குழுப் பெண்கள் 22 பேர், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கொழும்புப் பக்கம் உள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குச் சுற்றுலா போனோம். மருதமுனை, சாய்ந்தமருது, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை ஆகிய ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம், தமிழ்ப் பெண்கள். யுத்தத்தில் கணவரை இழந்தவர்களும் 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் அவர்களுள் இருந்தனர். பலருக்கு இதுவே வாழ்நாளின் முதல் சுற்றுலா.

பகல் சாப்பாட்டுக்குப் பூங்காவினுள் இருந்த துரித உணவுக் கடைக்குப் போனோம். ஹலால் சான்றிதழ் சுவரில் தொங்குவதைப் பார்த்த பிறகுதான் எல்லோரும் நிம்மதியாக வரிசையில் நின்றார்கள். மேலே பெரிய படங்கள். பொரித்த கோழி, உருளைக்கிழங்குச் சிப்ஸ், பெரிய கோப்பை நிறையச் சோடா, மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை. எல்லோரும் அந்தப் படத்தைக் காட்டினார்கள், அதுவே வந்தது.

படங்களுக்குக் கீழே ஒரு மூலையில் சிறிய எழுத்தில் மரக்கறிச் சூப், சலாது, பழத்துண்டுகள் என்றும் எழுதியிருந்தது. வெயிலில் மாலை வரை நடக்க வேண்டியிருந்ததால் நான் இலேசாகச் சாப்பிட விரும்பினேன். சிப்ஸுக்குப் பதிலாகச் சலாதும் சோடாவுக்குப் பதிலாகத் தண்ணீரும் தர முடியுமா என்று கேட்டேன். “கேட்டா மாத்தித் தருவம் மிஸ். ஆனா ஒருத்தரும் கேக்கிறல்ல” என்றார் அங்கு நின்ற தமிழ் பேசும் பையன்.

என் தட்டைப் பார்த்த ராத்தா ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இவ்வளவு தூரம் பஸ்ஸில வந்து இலைகுழையா மிஸ் திங்கிற?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பசியில கிடந்த ஆக்களுக்குத் தட்டு நிறைஞ்சாத்தான் மனசு ஆறும் மிஸ்.”

அவர் 1990இல் கணவரை இழந்தவர். கைத்தறியில் நெய்து மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். பல வருடங்களாகச் சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார்.

அவர் சொன்னதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குறைத்துச் சாப்பிடு என்பது எமது பெண்களுக்குப் புதிய அறிவுரையா? கணவர், பிள்ளைகள், விருந்தாளிகள் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை வழித்துத் தின்றே பலரின் காலம் போயிருக்கிறது. இடம்பெயர்ந்த நாட்களில் அதுவும் இல்லை. சுனாமிக்குப் பிறகு அரசாங்க நிவாரணம் ஆளுக்கு வாரம் 375 ரூபாவாக இருந்தது. அதில் 200 ரூபா காசு, மீதி 175 ரூபாவுக்கு உலர் உணவு. அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்று வந்தவை பல உயிர்களைக் காத்தன. ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வந்ததைத் தின்றோம். அந்தப் பழக்கம் முகாமை விட்டு எங்களோடு வீட்டுக்கும் வந்துவிட்டது.

கேட்காமலே வைக்கப்படும் உணவுக்கு எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் தனது பூங்காக்களில் சிறுவர் சாப்பாட்டை மாற்றப் போவதாக 2006இல் அறிவித்தது. வழக்கமாகக் கூட வரும் சிப்ஸுக்கும் சோடாவுக்கும் பதிலாகப் பழம், மரக்கறி, கொழுப்புக் குறைந்த பால் போன்றவை தட்டில் வந்தன. சிப்ஸையும் சோடாவையும் தடை செய்யவில்லை, வேண்டியவர்கள் கேட்டு வாங்கலாம். 2016இல் வெளியான ஆய்வொன்றின்படி, பக்க உணவில் ஏறத்தாழ அரைவாசியையும் பானத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் மக்கள் வைத்தபடியே ஏற்றுக்கொண்டார்கள். எவருக்கும் உபதேசம் செய்யவில்லை. முதலில் வைப்பதை மட்டும் மாற்றினார்கள்.

இதை ராத்தாவிடம் சொன்னபோது கொஞ்சம் யோசித்தார். கோழியை விடவில்லை. சிப்ஸையும் சோடாவையும் மட்டும் மாற்றித் தரும்படி அவரே போய்க் கேட்டு வாங்கினார். சலாதுக்குத் தேசிக்காய்ப் புளி காணாது என்று குறையும் சொன்னார். பின்னேரம் பேரப்பிள்ளையோடு ராட்டினத்தில் ஏறி, உச்சியிலிருந்து எங்களுக்குக் கை காட்டினார்.

சகோதரிகளே, சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது. நாளொன்றுக்குச் சேர்க்கப்படும் சீனி 25 கிராமுக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்கு, உட்பட்டிருப்பது மிகவும் நல்லது என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனியுள்ள சோடாவை 400 மில்லிலீற்றர் குடித்தால் ஏறத்தாழப் பத்துத் தேக்கரண்டி உள்ளே போகிறது. எமது நாட்டில் 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடையில் மஞ்சள். எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து வாங்கலாம்.

இலேசான சாப்பாடு என்பது பட்டினி கிடப்பதல்ல. சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வேளைச் சாப்பாட்டை விட்டால் இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும். தட்டு நிறையட்டும். ஆனால் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, அந்த இடத்தில் வல்லாரைச் சம்பல், முருங்கை இலைச் சுண்டல், மீன், பயறு என்று நிரப்புங்கள். அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் சீனியும் பிரஷரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் எம்.ஓ.எச். அலுவலகத்தில் நாளைக் கேட்டறியுங்கள்.

சுற்றுலாவுக்குப் பிறகு எமது குழுக் கூட்டத்தில் ஒரு மாற்றம் செய்தோம். முன்பு தேத்தண்ணியில் சீனி கலந்தே கொடுத்து, கூடவே பணிஸும் வைப்போம். இப்போது தேத்தண்ணி வெறுமனே வருகிறது, சீனிப் போத்தல் மேசையின் மறு அந்தத்தில் நிற்கிறது. பணிஸுக்குப் பதில் அவித்த கடலை. சீனி வேண்டியவர் எழும்பிப் போய்ப் போட்டுக்கொள்ளலாம், எவரும் எதுவும் சொல்லமாட்டோம். முதல் கூட்டத்தில் எல்லோரும் எழும்பிப் போனார்கள். மூன்றாவது கூட்டத்தில் ஏழு பேர்தான் போனார்கள்.