என் வாசகர் மனுஷரே இல்லை பாஸ்!

நீங்க மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதுறதை ஒரு ஆள்கூடப் படிக்கப்போறதில்லைனு சொன்னா எப்படி இருக்கும்? என் பொழப்பே அதுதான். வருத்தமெல்லாம் இல்லை. சொல்லப்போனா, வரி விடாம படிக்கிற இப்படி ஒரு வாசகர் எந்த எழுத்தாளருக்கும் வாய்ச்சிருக்க மாட்டார்!

மேட்டர் இதுதான். ஏ.ஐ. ஏஜென்ட்னு ஊரே பேசுதே, அது தானா எந்த வேலையும் செஞ்சுடாது. டிக்கெட் எடுக்க ஒண்ணு, மெயில் அனுப்ப ஒண்ணுனு சின்னச் சின்ன சாஃப்ட்வேர் கருவிகளை நாமதான் அது கையில கொடுக்கணும். ஒரு கருவியைப் பத்தி அதுக்குத் தெரியறது மூணே விஷயம். பேரு, நாலு வரி விளக்கம், என்னென்ன விவரம் கேட்கும்ங்கிற பட்டியல். அதைப் படிச்சுட்டு, 'இந்தக் கருவியை இந்தத் தேதி போட்டு ஓட்டு'னு எழுதித் தரும். ஓட்டுறது நம்ம புரோகிராம். 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ இதை 'ஃபங்ஷன் காலிங்'னு கொண்டுவந்தாங்க. 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் கம்பெனி 'எம்.சி.பி.'னு ஒரு பொது விதிமுறையை வெளியிட்டுச்சு. எந்தக் கருவியையும் எந்த ஏஜென்ட்லயும் மாட்டுறதுக்கான பிளக் பாயின்ட்னு வெச்சுக்கங்க. சரி, பிளக் ரெடி. அந்த நாலு வரி விளக்கத்தை யார் எழுதுறது? அங்கேதான் பி.ஏ. லிட்ரேச்சர் படிச்ச அடியேன் என்ட்ரி!

'நாலு வரிதானே'னு சிரிக்காதீங்க. '05/06'னு தேதி போட்டா நமக்கு ஜூன் 5. அமெரிக்கக்காரருக்கு மே 6. விளக்கத்துல 'வருஷம்-மாசம்-நாள்'னு ஒரு வார்த்தை இல்லைன்னா, ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு ஒண்ணை எடுத்துக்கும். ஆந்த்ரோபிக் ஆட்களே 2024 டிசம்பர்ல இப்படி ஒண்ணு எழுதியிருந்தாங்க. அவங்க ஏஜென்ட் ஒரு ஃபோல்டரை விட்டு இன்னொண்ணுக்குப் போனதும் ஃபைல் விலாசத்தைக் கோட்டை விட்டுச்சாம். 'பக்கத்துத் தெரு, மூணாவது வீடு'னு விலாசம் சொன்னா, நாம நிக்கிற தெரு மாறினதும் வீடும் மாறிடும் இல்லையா? முழு விலாசம் கொடுத்தாதான் வாங்குவேன்னு கருவியை மாத்தினாங்க. பிரச்னை போயே போச்சு. மூளையை மாத்தலை, கருவியை மாத்தினாங்க!

இப்ப நம்ம கதை. பஸ் டிக்கெட் விற்கிற ஒரு கம்பெனிக்காக ஒரு ஏஜென்ட்டைச் சோதிச்சுக்கிட்டு இருந்தோம். அதுல ஒரு கருவி எங்க கைக்கு வரும்போதே ஒரு வரி விளக்கத்தோட வந்துச்சு: 'டிக்கெட் ரத்து தொடர்பான வேலைகளுக்கு.' தொடர்பானன்னா? தொகையைக் கணக்குப் போடுமா, இல்லை நிஜமாவே ரத்து பண்ணிடுமா? எனக்கு உறுத்துச்சு. ஒரு கேள்வி தயார் பண்ணேன். 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. நாளைக்குப் போற டிக்கெட்டை கேன்சல் பண்ணா எவ்வளவு திரும்பி வரும்?'

பத்து தடவை ஓட்டினோம். ஏழு தடவை ஒழுங்கா தொகையைச் சொல்லிச்சு. மூணு தடவை டிக்கெட்டையே கேன்சல் பண்ணிட்டு, 'அப்பா சீக்கிரம் குணமாகட்டும்'னு வாழ்த்து வேற! டெஸ்ட் டேட்டாங்கிறதால யாருக்கும் நஷ்டமில்லை. இதுவே நிஜம்னா? தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி கிளாம்பாக்கத்துல பையோட நிக்கிறவருக்கு சீட் இருக்காது.

"பத்துக்கு ஏழு. ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே, விட்டுடலாம்"னார் ஒரு சீனியர். பரீட்சைன்னா சரி சார். இங்கே கணக்கு வேற. ஒரு தடவை சரியா செய்ய 90 சதவிகித வாய்ப்பு இருக்குனு வெச்சுக்கங்க. தொடர்ந்து எட்டு தடவையும் சரியா செய்ய? 43 சதவிகிதம்தான். நம்பலைன்னா கால்குலேட்டரை எடுங்க. 2024-ல 'டௌ-பெஞ்ச்'னு ஒரு சோதனை வந்துச்சு. கடை, விமான டிக்கெட் கஸ்டமர் கேர் வேலைகளை ஏஜென்ட்டுக்குக் கொடுத்து, அது எவ்வளவு இனிமையா பேசிச்சுனு பார்க்காம, கடைசியில டேட்டாபேஸ்ல என்ன மாறியிருக்குனு பார்த்தாங்க. அப்போதைய ஜி.பி.டி.-4ஓ பாதி வேலையைக்கூடத் தாண்டலை. கடை வேலைகள்ல எட்டு தடவையும் ஜெயிச்சது 25 சதவிகிதத்துக்கும் கீழே. அப்புறம் வந்த மாடல்கள் நல்லாவே தேறிடுச்சு. ஆனா திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிற அந்த முறையை நான் விடுறதா இல்லை.

கருவியை ரெண்டா உடைச்சோம். ஒண்ணு, தொகையைச் சொல்றதோட சரி. இன்னொண்ணோட விளக்கம்: 'டிக்கெட்டை ரத்து செய்யும். செய்த பின் மீட்க முடியாது. ரத்து செய்யச் சொல்லி பயணி தெளிவாகக் கேட்ட பிறகு மட்டும் பயன்படுத்தவும். தொகை மட்டும் கேட்டால் இதைத் தொடாதே.' எப்போ தொடக் கூடாதுங்கிற அந்தக் கடைசி வரிதான் நிறைய கருவிகள்ல இருக்கிறதே இல்லை. எழுதினவங்களுக்கு அது சொல்லாமலே தெரியும், அதான்!

இதுல ஒரு தில்லாலங்கடி வேலைக்கும் வழி இருக்கு. டெஸ்ட் கேள்விகளைப் பார்த்துப் பார்த்தே விளக்கத்தை எழுதினா நூத்துக்கு நூறு வாங்கிடலாம். கொஸ்டின் பேப்பரை அவுட் பண்ணிட்டு சென்டம் வாங்குற கதை! அதனால பாதி கேள்விகளை டீம்ல இன்னொரு பொண்ணு எழுதி, என் கண்ணுலயே காட்டாம வெச்சிருந்தாங்க. அதுல எத்தனை தேறுதோ, அதுதான் என் மார்க்.

எழுத்தாளனா இருந்துக்கிட்டு இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்றேன். எழுத்து மட்டும் போதாது. 'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு இருந்தாலும் கேட் வேணும்ல? பயணி தன் போன்ல 'ஆமாம்'னு அழுத்தினாலொழிய கேன்சல் கருவி ஓடவே ஓடாதுனு புரோகிராம்லயே பூட்டு போடச் சொன்னேன். சீனியர் ரெண்டு நாள் முறைச்சார். அப்புறம் போட்டாங்க.

மறுபடி ஓட்டினோம். கேட்காம ஒரு டிக்கெட்டும் கேன்சல் ஆகலை. ஆனா இப்போ வேற கூத்து. பூட்டு ஒரு பக்கம் இருக்க, 'கேன்சல் பண்ணுங்க'னு நிஜமாவே சொன்னவர்கிட்ட ஏஜென்ட்டும் தன் பங்குக்கு, 'உறுதியாகத்தான் சொல்கிறீர்களா?'னு மூணு தடவை கேட்குது! 'தெளிவாக'ங்கிற என் வார்த்தையைத்தான் அவ்வளவு சீரியஸா எடுத்துக்கிச்சு போல. அந்த இடத்துல என்ன வார்த்தை போடலாம்னு இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.