யார் கணக்கில் எழுதுவது?

சினிமாவில் மனோதத்துவ டாக்டர் வந்தால் ஒரு சாய்வுக் கட்டிலும், ஊசலாடும் கடிகாரமும் நிச்சயம். சிரிக்காதீர்கள், பாதி நிஜம்!

1885-ல் பாரிஸ் போன ஃப்ராய்ட், ஷார்கோ என்ற டாக்டரிடம் பார்த்து வியந்தது ஹிப்னாடிசத்தைத்தான். வியன்னா திரும்பி, தானும் செய்து பார்த்தார். சிலர் மயங்கவே இல்லை. 'சரி, மனசுல தோணுறதைப் பேசுங்க' என்று மாற்றிக்கொண்டார். வசியம் போச்சு, கட்டில் மிச்சம்.

நம்ம ஊர்க் கதையும் அப்படித்தான். கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸுக்குச் சின்ன வயசிலேயே மேஜிக் பித்து. டாக்டரானதும் ஹிப்னாடிச வைத்தியம். பிறகு ஃப்ராய்டோடு கடிதப் போக்குவரத்து. 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தையே தொடங்கிவிட்டார். 1931-ல் ஃப்ராய்டின் 75-வது பிறந்த நாளுக்கு அச்சங்கம் தந்த விஷ்ணு சிலை ஒன்றை அனுப்ப, அந்த நாத்திகர் அதை மேஜையில் வைத்துக்கொண்டார்!

எங்கள் ஓரிக்கைப் பக்கம் ஒரு மருமகள் பிரமை பிடித்தாற்போல் உட்கார்ந்தால், முதலில் உடுக்கைதான். 'நீ யாரு?' என்பார் பூசாரி. மாமியார் முன்னால் வாய் திறக்காதவள், அப்போதுதான் மனசிலிருப்பதைக் கொட்டுவாள். ஆனால், பேசியது பேய் என்று முடித்துவிடுவார்கள். பி.காம். படித்தவன் சொல்கிறேன், அது தப்பான கணக்கில் எழுதிய பற்று. டாக்டர் அதை அவள் பெயரிலேயே எழுதுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

தாயத்து கட்டுங்கள், தடுக்கவில்லை. டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். அதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, 'என்னம்மா ஆச்சு?' என்று அவளிடமே கேளுங்களேன்.