4 டிகிரி தண்ணீரும் நான் நடத்திய பாடமும்



கனடாவிலிருந்து ஊர் திரும்பிப் பத்து நாள் ஆகிறது. "சார், நயாகரா போட்டோ போடுங்க" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். போடுகிறேன். அதற்கு முன் ஒரு விஷயம் எழுத வேண்டும். கொஞ்சம் நீளம். பெல் அடித்த பிறகும் பாடம் நடத்திய ஆள்தானே நான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சின்னவளை உங்களில் பலருக்குத் தெரியும். குறுக்குத்துறையில் தாமிரபரணியில் நீச்சல் பழகியவள். இப்போது டொராண்டோவில் ஒரு ஆய்வகத்தில் வேலை. மூன்று வருடமாக ஸ்கூபா டைவிங் போகிறாள். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஏரிக்கு அடியில் இறங்குவது. போனில் சொன்னபோது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆற்றில் முங்கிய பிள்ளை ஏரியில் முங்குகிறாள், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

ஜூன் மாதம் எங்கள் இருவரையும் டோபர்மோரிக்குக் கூட்டிப்போனாள். டொராண்டோவிலிருந்து காரில் நாலு மணி நேரம். ஹூரான் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் புரூஸ் தீபகற்பத்தின் நுனியில் ஒரு சின்ன ஊர். அங்குள்ள நீர்ப்பரப்பை 1987ல் 'ஃபாதம் ஃபைவ்' என்ற தேசியப் பூங்காவாக ஆக்கியிருக்கிறார்கள். அடியில் இருபதுக்கும் மேற்பட்ட பழைய கப்பல்கள் கிடக்கின்றன. எங்களைப் போன்ற கரைவாசிகளுக்காக அடியில் கண்ணாடி வைத்த படகு உண்டு. அதில் உட்கார்ந்து 'ஸ்வீப்ஸ்டேக்ஸ்' என்ற பாய்க்கப்பலைப் பார்த்தோம். 1867ல் கட்டியது, 1885ல் மூழ்கியது. மரச்சட்டங்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. உப்பில்லாத குளிர்ந்த தண்ணீர். மரத்தைத் துளைக்கும் கடல்புழு அங்கே கிடையாது. அதனால் கப்பல் கெடாமல் கிடக்கிறது.

கப்பலைக் காப்பாற்றுகிற அந்தக் குளிர் மனுஷ உடம்பை என்ன செய்யும் என்று அன்று மத்தியானம் தெரிந்தது.

சின்னவள் வேறு படகில், 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் இன்னொரு கப்பலைப் பார்க்கப் போயிருந்தாள். நாங்கள் துறையில் காத்திருந்தோம். படகு வந்தது. இறங்கும்போதே நடை தடுமாறியது. உதடு நீலம். அவள் அம்மா பிளாஸ்கிலிருந்து சுக்குக் காபி ஊற்றி டம்ளரை நீட்டினாள். விரல் மடங்கவில்லை. டம்ளர் கீழே விழுந்தது. "ஒண்ணுமில்லப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லே குழறித்தான் வந்தது.

நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துப் பரபரவென்று தேய்த்தேன். படகில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் என்னைத் தடுத்தார். தேய்க்கக் கூடாதாம். வெந்நீரில் குளிக்க வைக்கவும் கூடாதாம். காற்றுப் படாத இடத்தில் உட்கார வைத்து, ஈர உடுப்பைக் கழற்றி, கம்பளியைச் சுற்றி, மெல்ல மெல்லச் சூடேற விட வேண்டும். நன்றாக விழுங்க முடிகிறபோதுதான் இனிப்பாக, சூடாக ஏதாவது கொடுக்க வேண்டும். தடுமாற்றமும் குழறலும் வந்தாலே உடம்பின் உட்சூடு இறங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நடுக்கம் தானாக நின்றுபோனால் இன்னும் மோசம், உடனே ஆஸ்பத்திரிதான். சின்னவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டாள். எனக்குத் தெளிய ரொம்ப நாள் ஆயிற்று.

அன்று ராத்திரி விடுதியில் எனக்குத் தூக்கம் வரவில்லை. 31 வருடம் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் அதிக அடர்த்தி கொண்டது, அதனால் ஏரியின் மேல்பகுதி உறைந்தாலும் அடியில் 4 டிகிரி இருக்கும், மீன்கள் பிழைக்கும். ஹோப் சோதனையின் படத்தோடு எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! நீங்களும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறீர்கள். கோடையிலும் அந்தத் தண்ணீர் ஆழத்தில் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. என் மகள் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தது அதற்குள்தான்.

மறுநாள் அவளுடைய உடுப்பை எடுத்துப் பார்த்தேன். வாடகைக்கு வாங்கிய வெட் சூட். 7 மில்லிமீட்டர் கனம், நியோப்ரீன் ரப்பர். 1950களின் தொடக்கத்தில் ஹ்யூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்த யோசனைக்கு வந்தார். முங்குகிறவர் நனையாமல் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை, உடுப்புக்குள்ளேயே நுண்ணிய வாயுக் குமிழ்கள் சிறைப்பட்டிருந்தால் அவையே சூட்டைக் காக்கும் என்பது அவர் கண்டது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் குமிழ்தான் காப்பு.

இங்கேதான் பாயில் விதி வருகிறது. அழுத்தம் கூடினால் வாயுவின் கனஅளவு குறையும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, குமிழ் பாதி. 25 மீட்டரில் அழுத்தம் மூன்றரை மடங்கு, குமிழ் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தண்ணீர் அதிகக் குளிராக இருக்கும் இடத்தில் உடுப்பு மிக மெலிந்துபோகிறது. மேலே வந்த பிறகோ, ஈர உடுப்போடு படகில் காற்றில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? வெளியே கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தப் பானை மாதிரி என் மகள் இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள். மேலே ஒரு மழைக்கோட்டு போட்டிருந்தாலே பாதி தப்பியிருக்கலாம்.

"கீழே இருக்கும்போதே குளிர் தெரியலையா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சதுப்பா. பத்து நிமிஷத்துலயே."

"அப்போ மேல வந்திருக்கலாம்லா?"

இரண்டு கைகளாலும் தோளைத் தேய்த்துக் காட்டினால் 'குளிர்கிறது' என்று அர்த்தம். கட்டைவிரலை மேலே காட்டினால் 'மேலே போவோம்'. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் காட்டலாம், காரணம் கேட்கக் கூடாது என்பது அவர்கள் விதி. இவள் காட்டவில்லை.

"படகுக்குப் பணம் கட்டியாச்சு. கூட வந்தவளுக்கும் கெட்டுப்போகும். தாங்கிக்கிடலாம்னு நெனச்சேன்" என்றாள்.

தாங்கிக்கிடலாம். அந்தச் சொல் எங்கள் வீட்டில் யாருடையது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

டொராண்டோ திரும்பியபின், பேனா தேடும்போது அவளுடைய வரவு செலவு நோட்டு கையில் பட்டது. பிள்ளைகளுக்குக் கணக்கு எழுதப் பழக்கியதும் நான்தான். போன வருடப் பக்கத்தில் டைவிங் சாமான்களின் பட்டியல். ஹூட், கையுறை, காலணி, எல்லாவற்றுக்கும் நேரே விலை. 'டிரை சூட் – 2,400 டாலர்' என்ற வரி மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் பென்சிலில் 'அப்பா மூட்டு' என்று எழுதியிருந்தாள்.

என் மூட்டு ஆபரேஷன் போன வருடம் நடந்தது. பென்ஷன் இருக்கு, வேண்டாம் என்றுதான் சொன்னேன். அனுப்பினாள். சேமிப்பு என்று சொன்னாள். என்ன சேமிப்பு என்று நான் கேட்கவில்லை.

டிரை சூட் என்பது தண்ணீரே உள்ளே வராத உடுப்பு. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம் இறுக்கிப் பிடிக்கும். உள்ளே கம்பளி உடுப்பு போட்டுக்கொள்ளலாம். ஆழம் போகப் போகச் சிலிண்டரிலிருந்து கொஞ்சம் வாயு உள்ளே விட்டு, அழுத்தம் நசுக்கியதை ஈடு கட்டலாம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு முங்கத் தனியாகப் பயிற்சி வேண்டும். உள்ளே உள்ள வாயு கால்பக்கம் சேர்ந்தால் தலைகீழாக மேலே தூக்கிவிடும்.

புதிது வாங்கப் பணம் தருகிறேன் என்றேன். மாட்டேன் என்றுவிட்டாள். கடைசியில் ஒரு சமரசம். பழையது வாங்குவது, பாதி என்னுடையது. வயதாகி டைவிங்கை நிறுத்திய ஒருவரிடம் 700 டாலருக்குக் கிடைத்தது, உள்ளே போடும் உடுப்போடு. நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். அதிகம்தான். ஆனால் புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பழையது வாங்குவதில் நான் கற்றதைச் சொல்கிறேன். முதலில் ஜிப்பைப் பார்க்க வேண்டும். அதுதான் மாற்றுவதற்குச் செலவு பிடிப்பது. பல் உடையாமல், ஓரத்தில் வெடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். கழுத்து, மணிக்கட்டு ரப்பர் பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ பயமில்லை, தேயும் பொருள், மாற்றிக்கொள்ளலாம். இவளுக்குக் கழுத்து வளையம் மாற்ற 140 டாலர் ஆனது. காலும் தோளும் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வாங்கக் கூடாது.

நீச்சல் குளத்தில் பழகிப் பார்த்தபோது இடது கால் ஈரமானது. எங்கோ ஓட்டை. கடையில் கொடுத்தால் அதற்கு ஒரு தொகை. "கொண்டா, பாப்போம்" என்றேன். முப்பது வருடம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன ஆள் நான், பஞ்சர் பார்க்கத் தெரியாதா? மணிக்கட்டு இரண்டிலும் ஆளுக்கொரு டம்ளரை நுழைத்தோம். கழுத்துக்கு எது பொருந்தும் என்று பார்த்தபோது, அவள் அம்மா ஊரிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் தூக்குச்சட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. காற்றை அடைத்ததும் தலையில்லாத ஆள் மாதிரி உப்பிக்கொண்டு குளியலறையில் படுத்துக்கிடந்தது. சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே வந்தேன். முழங்காலுக்குப் பின்னால் தையலில் குமிழ் விட்டது. சாக்பீஸால் வட்டம் போட்டேன். காய்ந்த பிறகு அதற்குரிய ரப்பர் பசை தடவி ஒரு ராத்திரி விட்டோம். ஓட்டை அடைந்தது. பணி ஓய்வுக்குப் பிறகு நான் செய்த உருப்படியான வேலை அதுதான் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

சிக்கனம் செய்ய வேறு இடங்களும் உண்டு. உள்ளே போட கம்பளிச் சட்டையைப் பழைய துணிக்கடையில் எட்டு டாலருக்கு வாங்கினோம். நான் பருத்திப் பனியன் போடச் சொன்னேன், அது தப்பு. பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூடு தரும். நனையும் கையுறை என்றால் இறங்குமுன் பிளாஸ்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே ஊற்றிக்கொள்ளலாம். செலவே இல்லை.

சிக்கனம் கூடாத இடமும் ஒன்று உண்டு. மூச்சுக்கருவியான ரெகுலேட்டர். சிலிண்டரிலிருந்து அழுத்தக் காற்று விரியும்போது குளிரும். சைக்கிள் பம்பு அடிக்கும்போது சூடாகிறதே, அதற்கு நேர்மாறு. தண்ணீரே 4 டிகிரியாக இருந்தால் கருவிக்குள் பனிக்கட்டி பிடித்து, காற்று நிற்காமல் பீறிட்டு, சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடலாம். 10 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீருக்கென்றே செய்தது வேண்டும், வருடா வருடம் சரிபார்க்கவும் வேண்டும். அதில் அவள் முதலிலிருந்தே கஞ்சத்தனம் செய்யவில்லை. தன் உடம்பு குளிர்வதில் மட்டும்தான் செய்திருக்கிறாள்.

இனி, இதை எழுதியதற்கான காரணம்.

1988ல் எனக்கு முதல் வேலை நீலகிரியில், ஒரு மலைக்கிராமப் பள்ளியில். ஒரு டிசம்பர் காலையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மழையில் நனைந்து வந்து கடைசிப் பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்தான். ஸ்வெட்டர் இல்லை. "சார், குளிருது" என்றான். "இதெல்லாம் ஒரு குளிரா? தாங்கிக்கிடணும்லே" என்றேன். வகுப்பே சிரித்தது. நான் ஸ்வெட்டர் போட்டிருந்தேன். அதன்பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நல்ல ஒழுங்கான பையன் என்று அதையே பாராட்டிச் சொல்லியிருக்கிறேன்.

37 வருடம் கழித்து அந்தப் பாடத்தை என் மகள் 25 மீட்டர் ஆழத்தில் ஒப்பித்திருக்கிறாள்.

அந்தத் தம்பி இதைப் படிக்கிறானா தெரியாது. படித்தால், தப்பு என்னுடையதுதான் தம்பி, மன்னித்துவிடு.

செப்டம்பரில் மறுபடி டோபர்மோரி போனோம். அதே துறை. இந்த முறை அவளுடைய தோழியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்று சொன்னேன்: "குளிர்ந்தா உடனே கட்டைவிரலைக் காட்டு. படகுப் பணம் போனா போகட்டும்." நாற்பது நிமிடம் இருந்துவிட்டு வந்தாள். மேலே 17 டிகிரி, பாதி ஆழத்தில் கோடு போட்டது மாதிரித் தண்ணீர் மாறி, அடியில் 5 டிகிரியாம். விரல் மட்டும் விறைத்திருந்தது. "கை குளிருதும்மா, அடுத்து நல்ல கையுறை வாங்கணும்" என்று அவளாகவே சொன்னாள். அவள் அம்மா காபியை நீட்டினாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.

கையுறை 120 டாலராம். நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எந்த மூட்டுக்காகவும் அந்த வரியை அடிக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, நீங்களும் எந்த வரியையாவது அடித்திருந்தால் வீட்டில் சொல்லிவிடுங்கள். பெற்றவர்களே, பணம் வந்தால் எதிலிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நயாகரா போட்டோ நாளைக்குப் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்